ஈட்டிமெட்டில் எனக்குப் பாதிக் கிணறு

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நாங்கள் ஒரு பகல் முழுக்கத் தமிழ்நாட்டில் பயணம் செய்தோம். மீனாட்சிபுரத்தில் எங்கள் தொழுவத்தைத் தாண்டி நாலு சோளக்காடு நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அப்புறம் பொழுது சாய்கிற வரைக்கும் பஸ். கம்பத்துக்கு மேலே மலை ஏறி முடித்தால் மறுபடியும் கேரளம். அடுத்த ராஜ்ஜியத்தில் சாப்பிட்டு, அடுத்த ராஜ்ஜியத்தில் வாந்தி எடுத்து, சொந்த ராஜ்ஜியத்தில் போய் இறங்கினோம். வாந்தி எடுத்தது என் மருமகள் கவிதா. அவளுக்கு முப்பத்தைந்து வயது. எனக்கு எழுபத்திரண்டு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

போன காரியம் ஒரு கையெழுத்து. என் சித்தப்பா மகன் சின்னச்சாமி ஈட்டிமெட்டில் இருக்கிறான். கம்பம்மெட்டுக்கு உள்ளே தள்ளி ஏலக்காய் விளைகிற ஊர். நான் தொட்டிலில் கிடந்த வருஷம் என் அப்பாவும் சித்தப்பாவும் அங்கே போய்க் காடு வெட்டினார்கள். நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு, காட்டை வெட்டி நெல்லும் கிழங்கும் போடுங்கள் என்று சர்க்காரே நிலம் கொடுத்த காலம் அது. சித்தப்பா அங்கேயே நின்றுவிட்டார். அப்பா கொஞ்ச வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். நிலமெல்லாம் சித்தப்பா பேருக்கு மாறியது. அங்கே ஒரு கிணறு மட்டும் இரண்டு பேர் பேரிலும் அப்படியே நின்றது. அப்பாவுக்கு நான் ஒரே மகள். கிணற்றை மூடி, அந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்க இரண்டு ரூம் கட்டப் போகிறேன், பாதிக்காரி நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சின்னச்சாமி போன் செய்தான்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மீனாட்சிபுரம் இருக்கிற சித்தூர்க் கிழக்கில் மழை குறைந்த மண்ணில் பிறந்தவர்கள். கிணறு இல்லாத நிலத்தை நாங்கள் நிலம் என்றே சொல்ல மாட்டோம். என் அப்பா இராமசாமி மலைக்குப் போய், வருஷத்தில் ஏழு மாதம் மழை கொட்டுகிற இடத்தில், பாறைக்குப் பாறை ஊற்று ஓடுகிற இடத்தில், குடிசை போடுவதற்கு முன்னால் நாற்பதடிக்குக் கிணறு வெட்டினார். அந்தக் கதை அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. சாகிற வரைக்கும் அவருக்கு "மழை மலையில கெணறு வெட்டுனவன்" என்றுதான் பேர்.

என் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "சம்பந்தி ஊட்டுல தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க. மலை மேலயே கெணறு வெச்சிருக்காரு." பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பா குனிந்து மோர் ஊற்றிக்கொண்டே போனார். ஐம்பது வருஷம் புகுந்த வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டவள் நான். மூடித் தொலைத்தால் நல்லது என்றுதான் பஸ் ஏறினேன். கிணற்றை ஒரு தடவை கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

மலைப் பாதையில் ஏழாவது வளைவில் என் தூக்குப்போசியின் மூடி கழன்றது. எங்கள் எருமைத் தயிர், கத்தியால் வெட்டுகிற கெட்டி. அது மெதுவாகக் கிளம்பிப் பஸ்ஸின் நடுவழியில் கண்டக்டரின் செருப்பு வரைக்கும் போனது.

"ஏம்மா, பஸ்ஸுக்குத் தயிர் அபிஷேகமா?" என்றார் அவர்.

"உன்ற பஸ்ஸு இப்பவாச்சும் நல்லா ஓடட்டும்னுதான் சாமி," என்றேன்.

ஓடவில்லை. பத்தாவது வளைவில் புகை விட்டு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் வந்த ஜீப்பில் எங்களை ஏற்றிவிட்டார்கள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் நாங்கள் பதினாறு பேர். என் முழங்கால் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன், கவிதாவின் மடியில் இன்னொன்று. இரண்டும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்த ஒருத்தியுடையவை. ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. பேர் அந்தோணியம்மாள். ஈட்டிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்து லயத்தில், அதுதான் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள், குடியிருக்கிறாள்.

"எங்கிட்டு இருந்து வாரீக?" என்று கேட்டாள்.

சொன்னேன். "கேன்ல என்ன கண்ணு, எண்ணெயா?"

"தண்ணிம்மா. கம்பத்துல எங்க அக்கா வீட்டுல பிடிச்சுட்டு வாரேன். மேல தண்ணி வண்டி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது. வராட்டி அம்புட்டுதேன்."

நான் ஜீப்புக்கு வெளியே பார்த்தேன். நான் கேட்டு வளர்ந்த மழை மலை. பங்குனி வெயிலில் புல் எல்லாம் வைக்கோல் நிறம். கீழ்நாட்டில் இருந்து மலைக்குத் தண்ணீர் போகிறது, அது என் முழங்கால் மேல் உட்கார்ந்து போகிறது.

சின்னச்சாமி சாலைக்கே வந்து நின்றான். அறுபது வயது, தலை பூரா நரை. சித்தப்பாவின் மூக்கு அப்படியே இருக்கிறது. அவன் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். "தெய்வானையக்கா, யாத்திரை சுகமாயிருந்ததா?" என்றான். அவன் வீட்டில் பாக்கெட் பாலில் டீ கொடுத்தார்கள். நான் சொசைட்டிக்கு முப்பது வருஷம் பால் ஊற்றியவள். நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. அதைவிட ஆச்சரியம், டீயில் ஏலக்காய் இல்லை. திண்ணையில்கூட இடமில்லாமல் மூட்டை மூட்டையாக ஏலக்காய் வைக்கிற ஊரில் ஒரு வீட்டு டீயிலும் ஏலக்காய் போடுவதில்லை என்று பிறகு கண்டேன். அவர்களுக்கு அது விற்கிற சரக்கு.

மறுநாள் காலையில் சின்னச்சாமி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான். ஆளுயர ஏலச்செடிகள் நெருப்பில் வாட்டிய சோளத்தட்டு மாதிரி நின்றன. நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்குள்ளேயே வெந்துபோயிருந்தன. ஊற்றெல்லாம் தை மாதமே நின்றுவிட்டதாம். இரண்டு இடத்தில் போர் போட்டான், புழுதிதான் வந்தது. "ஏலத்தை நம்பி இனி ஜீவிக்க முடியாது அக்கா. ரெண்டு ரூம் பணிஞ்சா டூரிஸ்ட் வரும். அதுல கஞ்சி குடிச்சுக்கலாம்," என்றான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது. இப்போதே கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று இருந்தது. ஆனால் கவிதாதான், வந்தது வந்தோம், அந்தக் காலத்து ஆள் யாராவது இருந்தால் பார்க்கலாம் என்றாள்.

அப்படித்தான் பேபிச்சேட்டன் வீட்டுக்குப் போனோம். பேர்தான் பேபி, வயது எண்பத்தொன்று. சின்னச்சாமியின் தோட்டத்துக்கு அடுத்த கீழ்ச்சரிவு அவருடையது. அவருடைய அப்பா மேற்கே பாலாப் பக்கத்தில் இருந்து பெண்டு பிள்ளைகளோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர். என்னைப் பார்த்ததும் "மகளே" என்றார். எழுபத்திரண்டு வயதில் என்னை மகளே என்று கூப்பிட ஒருவர் மிச்சம் இருக்கிறார். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையல், பால் விடாத கட்டஞ்சாயா வந்தன. காந்தாரி மிளகாய் கடுகு மாதிரி இருந்துகொண்டு காது வரைக்கும் எரித்தது. நான் விடவில்லை, இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் மலையாளத்தில் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

"நாங்கள் வந்தபோது இங்கே வழி என்பதே இல்லை. யானை நடந்து விழுந்த தாரையில்தான் நடப்போம். ராத்திரி ஆனால் ஈட்டி மரத்து மேலே மூங்கில் பரண். அப்பா, அம்மா, நாங்கள் ஆறு பிள்ளைகள், ஒரு ஆடு, எல்லோரும் பரணில். ஆட்டை ஏற்றுவதுதான் கஷ்டம். வெட்டின காட்டுக்குத் தீ வைத்து, சாம்பலில் நெல் எறிந்தோம். முதல் விளைச்சலைப் பன்றி தின்றது. இரண்டாவதை யானை. மூன்றாவதை நாங்கள் தின்றோம். காய்ச்சலில் என் இரண்டு தங்கச்சிகள் போனார்கள். சர்ச்சுக்கு முன்னால் கல்லறைதான் இந்த ஊரில் முதலில் வந்தது."

கவிதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவர் கட்டஞ்சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்போது உங்கள் அப்பா வந்தார் மகளே. கீழே இருந்து இரண்டு மாட்டை மலை ஏற்றிக் கொண்டுவந்தார். உழுவதற்காக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அவர் நிலத்தைச் சுற்றி வந்தார், ஒரு பள்ளத்தில் நின்றார், கடப்பாறையைப் போட்டார். என்ன வெட்டுகிறீர்கள் என்று என் அப்பா கேட்டார். கிணறு என்றார். இருபதடி தள்ளி ஊற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எதற்கு என்று என் அப்பா கேட்டார். 'அது ஓடற தண்ணீங்க. ஓடறது நம்மளது இல்லீங்க' என்றாராம். மாடு கட்டி இறைக்கிற கிணறு. அதற்கு மாடு வடம் இழுத்துக்கொண்டு இறங்கச் சரிவு வேண்டுமாமே. இந்த மலையில் சரிவைக் கடவுளே வெட்டி வைத்திருக்கிறார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஊர் முழுக்க வந்து பார்த்துச் சிரித்தோம். எனக்குப் பத்து வயது. நானும் சிரித்தேன்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ஆனி மழை வந்தது. கிணறு நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் புதுசாக ஒரு வழி பிடித்து எங்கள் கிழங்குச் சரிவுக்கு வந்தது. ஒரு ராத்திரியில் முக்கால் ஏக்கர் கிழங்கு அடிவாரத்துக்குப் போய்விட்டது. என் அப்பா சண்டைக்குப் போகவில்லை. உங்கள் அப்பாதான் வந்து எங்கள் முற்றத்தில் தலையைக் குனிந்து நின்றார். அதற்கப்புறம் அவர் ரொம்ப நாள் இங்கே இருக்கவில்லை."

அவர் சிரித்தார், அவர் மருமகள் சிரித்தாள், கவிதாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கிழங்கை வேகவேகமாக மென்றேன். என் அப்பா ஊருக்குத் திரும்பியதற்குக் காய்ச்சல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். தலை குனிந்து நின்ற முற்றம் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாது. அதே முற்றத்தில் உட்கார்ந்துதான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கிணற்றடியில் ஒரு ஜேசிபி நின்றது. பக்கத்தில் மூடுவதற்கான மண் குவித்திருந்தது. சின்னச்சாமி பத்திரத்தை எடுத்து ஒரு கல் மேல் விரித்தான். கூடவே சட்டைப் பையில் இருந்து ஒரு மை டப்பா எடுத்தான்.

"இதென்றா?" என்றேன்.

"கை நாட்டு வெக்கத்தான் அக்கா."

"ஆரு கை நாட்டு? ஐம்பது வயசுல சாட்சரதா கிளாஸுக்குப் போயி எழுத்துப் படிச்சவ நான். பேனா கொண்டா."

ஜேசிபி ஓட்டுகிறவர் உத்தமபாளையத்துக்காரர், பெரிய மீசை. "மை டப்பாவ உள்ள வைங்கண்ணே, அம்மா உங்களுக்கே பாடம் எடுக்கும் போல," என்றார். பேனா வந்தது. நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கிணற்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

சதுரக் கிணறு. நாலு பக்கமும் கருங்கல் கட்டு. எழுபது வருஷத்தில் ஒரு கல் நகரவில்லை. எங்கள் பக்கத்துக் கிணறே கொண்டுவந்து வைத்தது போல் இருந்தது. உள்ளே பாதி வரைக்கும் குப்பை. ஏலத்தட்டை, டயர், கிழிந்த பச்சை வலை. தண்ணீர் என்று ஒரு பொட்டு கண்ணில் படவில்லை.

அங்கேதான் எனக்கு வாய் வந்தது. "அடிமண்ணு எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

யாருக்கும் புரியவில்லை. எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டாரில் ஒரு கிணற்றை மூடுவதானால், அதன் அடியைத் தொட்டு ஒரு கூடை மண் அள்ளி மேலே கொண்டுவந்து வைத்து, அதற்குச் சூடம் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் மூடுகிற மண் உள்ளே விழலாம். அடியைத் தொடாமல் மூடினால் உயிரோடு புதைத்த மாதிரி.

"அக்கா, இருபதடிக்கு வேஸ்ட் கிடக்கு," என்றான் சின்னச்சாமி.

"ஆரு போட்டது?"

அவன் பத்திரத்துக்கு மேல் இன்னொரு கல்லை எடுத்து வைத்தான்.

"உன்ற பெரியப்பன் வெட்டுன கெணறு. நல்லதோ கெட்டதோ, மூடறதுன்னா மொறையா மூடோணும். அடிமண்ணு வராம என்ற கையெழுத்து வராது. சொல்லிப்போட்டேன்."

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். உள்ளே தண்ணீர் இருக்கும் என்று நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. அந்த முற்றத்துச் சிரிப்பு எனக்குள் காந்தாரி மிளகாயாக எரிந்துகொண்டிருந்தது. மூடுவதையாவது அப்பாவுக்கு மரியாதையாக மூட வேண்டும் என்ற வீம்பு. அவ்வளவுதான்.

அன்று மதியமே லயத்தில் இருந்து ஆள் கூப்பிட்டார்கள். அந்தோணியம்மாளும் அவள் கணவர் செல்லையாவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். செடி காய்ந்து கிடப்பதால் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. செல்லையா நேரே இறங்கப் போனார். நான் தடுத்து, விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் விடச் சொன்னேன். மூடிக் கிடந்த கிணற்றுக்குள் கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். அணைந்தது. வேப்பிலைக்கு எங்கே போக, ஒரு கட்டு மரக்கிளையைக் கயிற்றில் கட்டி ஒரு மணி நேரம் மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கினோம். இரண்டாம் தடவை விளக்கு நின்று எரிந்தது. அப்புறம்தான் ஆள் இறங்கியது.

கூடையைக் கையால் இழுத்துக் கட்டுபடியாகாது என்று மறுநாள் ஜேசிபிக்காரர் ஒரு யோசனை சொன்னார். கிணற்று மேல் குறுக்கே இரும்புக் கம்பம் போட்டு, அதில் உருளை கட்டி, வடத்தின் ஒரு முனையை ஜேசிபியில் மாட்டினார்கள். அது சரிவில் இறங்கினால் கூடை மேலே வரும். பின்னுக்கு ஏறினால் கூடை கீழே போகும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் அப்பாவின் மாடுகள் இறங்குவதற்கென்று இருந்த அதே சரிவில் அந்த மஞ்சள் வண்டி முக்கிக்கொண்டு இறங்கி ஏறியது.

"மூடக் கூப்பிட்டு எறைக்க விட்டுட்டீகளேம்மா," என்று அவர் கத்தினார்.

"நல்ல மாடு. கொம்புதான் முன்னால நீளம்," என்றேன்.

உள்ளே இருந்து வந்தவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது. டயர்கள், எலெக்‌ஷன் பேனர், ஒரு டிஷ் ஆன்டெனா, சின்னச்சாமியின் மனைவி இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பித்தளைக் குடம். அதைப் பார்த்ததும் அவள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தாத்தா மாடு கட்டித் தண்ணீர் இறைத்த இரும்புச் சால் கிடைக்கும் என்று கவிதா சொல்லிக்கொண்டே இருந்தாள். கிடைத்தது சைக்கிள் ரிம்.

மூன்றாம் நாள் குப்பை தீர்ந்து வண்டல் வந்தது. ஊரில் பாதிப் பேர் வந்து சுற்றி நின்றார்கள். பேபிச்சேட்டனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம் மலையாளத்தில் சொன்னது என் காதில் விழுந்தது: "அப்பன் வெட்டினது பைத்தியம் என்றால் மகள் தோண்டுவது அதைவிட." எனக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்துவிட்டார். கேரளத்திலேயே பிறந்தவள் நான். திரும்பி, "சேட்டா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வண்டி வருகிறது," என்று அவர் மலையாளத்திலேயே சொன்னேன். தள்ளி நின்றார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கீழே இருந்து செல்லையாவின் குரல் வந்தது. "பாறை தட்டிருச்சு."

"அடிமண்ணு ஒரு கூடை போடுங்க சாமி," என்றேன். சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டேன். சின்னச்சாமி பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

கூடை மேலே வந்தது. அதில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. சொட்டு இல்லை, ஒழுகியது. தட்டில் கொட்டினால் சேறு. எல்லோரும் அதைப் பார்த்தோம். கீழே இருந்து மறுபடி செல்லையா: "ஏய், கிழக்க பாறை வெடிப்புல வண்டல வழிச்சேன். காலு நனையுதுடி அந்தோணி. சில்லுனு ஏறுது. கயித்தப் போடுங்க, கயித்தப் போடுங்க."

அவரை மேலே ஏற்றும்போது முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. பொழுது விழுவதற்குள் கிணற்றுக்குள் வானம் தெரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. பாறை வெடிப்பில் இருந்து வருகிற ஊற்று, எழுபது வருஷ வண்டல் அடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் எண்ணூறு அடிக்குப் போட்ட போர் புழுதி கக்கிக்கொண்டிருக்க, என் அப்பாவின் நாற்பதடியில் தண்ணீர்.

நான் என்ன செய்தேன் என்றால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன். பார்க்கட்டும் என்றுதான் நடந்தேன். ஒவ்வொருத்தர் முகத்துக்கு முன்னாலும் மெதுவாக நடந்தேன். பேபிச்சேட்டன் நாற்காலியில் இருந்து எழுந்து நின்றார். எண்பத்தொரு வயதுக்காரர், தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே அடுத்த கதை ஆரம்பித்தது. சின்னச்சாமி மோட்டாரைத் தூக்கி வந்து வைத்துவிட்டான். குழாய் அவன் தோட்டத்துக்கு ஓடியது. காய்ந்த செடி தண்ணீரைக் குடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. எனக்கும் சந்தோஷம்தான். அந்தோணியம்மாள் இரண்டு குடத்தோடு வந்து நின்றாள். பின்னால் லயத்துப் பெண்கள் பத்துப் பேர்.

"இப்ப எடுக்க வேண்டாம். தோட்டம் நனையட்டும். பின்ன பார்க்கலாம்," என்றான் அவன்.

"ரெண்டு குடம்தேன் அண்ணாச்சி. மூணு நாளா உள்ள எறங்குனது எங்க வீட்டு ஆளு."

"அதுக்குக் கூலி தந்தாச்சல்லே?"

அவள் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்தாள். நான் கல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தேன்.

"சின்னச்சாமி, மோட்டார நிறுத்து."

"என்னக்கா?"

"நான் எதுக்கு இங்க வந்தேன்?"

"கையெழுத்துக்கு."

"என்ற கையெழுத்து எதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"நீயே சொல்லு. பாதிக் கெணறு என்றதுன்னுதான கூப்பிட்ட. மூடறப்ப என்ற பாதி வேணும். எறைக்கறப்ப வேண்டாமா?"

"நீங்க அங்க மீனாட்சிபுரத்துல இருக்கீங்க. உங்களுக்கு இங்க எதுக்கு வெள்ளம்?"

"அது என்ற பாடு."

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நிலத்துக்கு வரப்புப் போடுவோம். கிணற்றுக்கு வரப்புப் போட முடியாது. அதனால் நாளைப் பிரிப்போம். ஒரு நாள் அண்ணன் முறை, ஒரு நாள் தம்பி முறை. அண்ணன் முறையில் தம்பி ஒரு செம்பு மொண்டாலும் கேட்டுவிட்டுத்தான் மொள்ள வேண்டும். நிலம் கைமாறினாலும் முறை மாறாது. இதைச் சொன்னதும் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சித்தப்பா சொல்லியிருப்பார். முகம் தொங்கிப்போனது. அதில் பழைய சித்தப்பாவைப் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"கவிதா, அந்தப் பத்திரத்த எடு."

மூடுவதற்கு எழுதிய பத்திரத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கல் மேல் வைத்து நானே எழுதினேன். எனக்கு எழுத்துக் கூட்டி எழுத நேரம் ஆகும். அவ்வளவு பேரும் நின்று காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுதியது இது:

"ஈட்டிமெட்டுக் கிணறு. வெட்டியவர் இராமசாமி. கூட நின்றவர் தம்பி பொன்னுசாமி. ஒரு நாள் சின்னச்சாமி முறை. மறுநாள் தெய்வானை முறை. தெய்வானை முறைத் தண்ணீர் லயத்துக்காரர்களுக்கு. அதில் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேபிச்சேட்டன் தோட்டத்துக்கு, எங்கப்பன் கிணறு கரைத்த கிழங்குக்காக."

கவிதா அதை உரக்கப் படித்தாள். பேபிச்சேட்டனுக்கு மலையாளத்தில் சொன்னார்கள். அவர் தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். பிறகு, "அந்தக் கிழங்கு அவ்வளவு ருசியாகக்கூட இருக்காது மகளே," என்றார். எல்லோரும் சிரித்தோம். இந்தத் தடவை நான்தான் கடைசியாக நிறுத்தினேன்.

"இதுல கையெழுத்துப் போடு," என்று சின்னச்சாமியிடம் பேனாவை நீட்டினேன். அவன் என்னையும் பார்த்தான், நனைந்த செடிகளையும் பார்த்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரிலும் அவன் தோட்டம் பிழைக்கும், ரூம் கட்டி அடுத்தவனுக்குப் பாய் விரிக்க வேண்டாம் என்று அவனுக்கும் தெரியும். போட்டான். கீழே நான் போட்டேன், தெய்வானை என்று, கடைசி ஐகாரத்தைச் சுழித்து. ஜேசிபிக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி சின்னச்சாமியின் மனைவி கொள்ளுப் பருப்புக் கடைந்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் வெந்த கொள்ளு. சின்னச்சாமி மூன்று தடவை சோறு வாங்கினான். கை கழுவும்போது, "பெரியப்பன் எனக்கு முகம்கூட ஓர்மை இல்லக்கா," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் ஜீப் வர நேரம் இருந்தது. நான் கிணற்றடிக்குப் போனேன். எனக்கு முன்னால் லயத்துப் பெண்கள் வந்து வரிசையாகக் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். யாரும் கயிற்றைத் தொடவில்லை. அந்தோணியம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"இன்னிக்கு யாரு முறைம்மா?"

"என்ற முறை," என்றேன். "எடுத்துக்க கண்ணு."